அனுமதி பெறாத வயிற்றெரிச்சல்

எனக்கு ஒதுக்கப்பட்டவர் ஒரு பல் டாக்டர். அவரைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை. என் மேல் சுமத்தப்பட்ட குற்றம் முழுவதும் இவ்வளவுதான்.

கேட்பவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தெரியலாம். எங்கள் ஊரில் அப்படியில்லை. இங்கே எல்லாவற்றையும் பொதுமதி பார்த்துக்கொள்கிறது. பொதுமதி என்றால் மனிதர் யாரும் இல்லை, இயந்திர மூளை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு அதன் வழியாகப் பேசும். ஆரம்பத்தில் தெருவிளக்கை மட்டும்தான் பார்த்துக்கொண்டது. பிறகு குழாய்த் தண்ணீர், பிறகு சமையல், பிறகு யார் எப்போது குளிப்பது, யார் யாரைக் கல்யாணம் செய்வது என்று ஒவ்வொன்றாகக் கைக்குள் போட்டுக்கொண்டது. நாங்கள் முணுமுணுத்தோம். உடனே முணுமுணுப்பதற்கென்று சாயங்காலத்தில் ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுத்தது. அந்த நேரம் வந்தால் முணுமுணுக்க எங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

எல்லாம் தானாக நடந்ததால் யாருக்கும் உடம்பு வளையவில்லை. வேலைக்குப் போனோம், வந்தோம் என்று இருந்தோம். பொதுமதி யோசித்தது. மனிதனை எழுப்பி ஓட வைக்க, இன்னொரு மனிதன் நன்றாக இருப்பதைப் போல வேறு மருந்து கிடையாது என்று கண்டுபிடித்தது. இதற்கு இயந்திர மூளை எதற்கு, என் மாமியாரைக் கேட்டிருந்தால் வெற்றிலையில்லாமல் சும்மாவே சொல்லியிருப்பார். கண்டுபிடித்ததோடு விடாமல் அதற்கு ஒரு துறையையும் ஏற்படுத்தியது. முழுப்பெயர் ஒப்பீட்டு நலத்துறை. ஜனங்கள் எரிச்சல் ஆபீஸ் என்பார்கள்.

எரிச்சல் ஆபீஸ் ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னவரை ஒதுக்கும். முன்னவர் என்றால் நாம் பொறாமைப்பட வேண்டிய ஆள். தினமும் காலையில் முன்னவருக்குக் கிடைத்த நல்லது என்ன என்பதைச் சுவர் அறிவிக்கும். அதைக் கேட்டு நாம் புழுங்க வேண்டும். புழுங்கினோமா இல்லையா என்று பார்க்க வயிற்றில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். அதில் ஒரு விளக்கு. சிவப்பு எரிந்தால் நல்ல குடிமகன். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. பச்சையாகவே இருந்தால் அவன் நிறைவுற்றவன்.

நிறைவுற்றவன் என்று முத்திரை விழுந்தால் கதை முடிந்தது. ஊருக்கு வெளியே நிறைவாளர் குடியிருப்பில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே இருப்பவர்களுக்கு எதுவும் வேண்டாம் என்பது சட்டம், அதனால் எதுவும் தருவதில்லை. அறைகளுக்கு ஜன்னல்கூடக் கிடையாது என்று கேள்வி. கூட வர விரும்பும் மனைவிகளை, விருப்பம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே விடமாட்டார்கள்.

என் பட்டையில் பச்சைதான் எரிந்தது. பல் டாக்டர் நேற்று மாடியில் இன்னொரு அறை கட்ட ஆரம்பித்தார் என்று சுவர் சொல்லும். கட்டட்டுமே என்று தோன்றும். அவர் மகள் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள் என்று சொல்லும். நல்ல பெண் என்று நினைத்துக்கொள்வேன். முன்பின் பார்த்திராத ஒருவரைப் பார்த்து வயிறு எரிவதற்கு எனக்கு அவ்வளவு ஓய்வு ஏது? நாற்காலிக்கும் சோபாவுக்கும் ஸ்பாஞ்ச் வைத்து ரெக்சின் தைக்கிற கடை என்னுடையது. எரிச்சல் ஆபீஸ் நாற்காலிகளே பாதி நாள் கடையை அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே யார் நாற்காலியும் கிழிவதில்லை. பக்கத்து நாற்காலியைவிட ஒரு விரல் உயரம் வேண்டும் என்று அனுப்புவார்கள். உயர்த்தி அனுப்பினால் மறுநாள் பக்கத்து நாற்காலி வரும்.

எனக்குப் பொறாமையே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு ஒரு சகலை இருக்கிறான்.

என் மனைவியின் தங்கை புருஷன். எங்கள் தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறான். எனக்கும் அவனுக்கும் ஒரே மாமியார்தான், ஆனால் ஒரே மாமியார் இல்லை. நான் ஒரு வேடிக்கை சொன்னால் அந்த அம்மாள், "தண்ணி கிண்ணி வேணுமா மாப்பிள்ளை?" என்று கேட்பார். அவன் தும்மினால்கூட விழுந்து விழுந்து சிரிப்பார். என் வீட்டில் மின்விசிறி சுழன்றாலும் வராத காற்று அவன் வீட்டு பால்கனியில் சும்மா வீசிக்கொண்டிருக்கும். என் கடைக்கு வருகிறவர்கள் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு ஓடுகிறார்கள். அவன் கடைக்கு வருகிறவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை, அப்படிப் பேசுவான். எல்லாவற்றுக்கும் மேலே அந்த முடி. என் தலையில் நடுவில் மைதானம். அவன் தலைக்குள் சீப்பு போனால் வெளியே வர வழி தெரியாது. இருபது வருஷமாக அந்த முடியை நான் பார்த்து வருகிறேன். ஒரு நரை விழாதா என்று ஆசையாக இருக்கும். பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

சலூனைக் கடக்கும்போதெல்லாம் என் பட்டை சிவந்துவிடும். சிவந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். இல்லை, ஒதுக்கப்படாத ஆளைப் பார்த்து எரிந்தால் அது அனுமதி பெறாத எரிச்சல். அதற்குப் பட்டை விசில் அடிக்கும். தெருவே திரும்பிப் பார்க்கும். சகலை சீப்பும் கையுமாக வாசலுக்கு வருவான்.

"என்ன சகலை, ரயில் கிளம்பிடுச்சா?" என்பான்.

விசில் இன்னும் உரக்கக் கேட்கும்.

ஒருநாள் எரிச்சல் ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாத அம்மாள். அந்த வேலைக்கு அதுதான் தகுதி போலிருக்கிறது. பல் டாக்டரின் படத்தைச் சுவரில் மாட்டி, என்னை அதன் முன்னால் நிற்க வைத்தார்.

"மூச்ச நல்லா இழுங்க. 'இவனுக்கு மட்டும் எப்படி?' அப்படின்னு சொல்லிக்கிட்டே மெதுவா விடுங்க."

சொன்னேன். பச்சை.

"பல்லக் கடிச்சுக்கிட்டு சொல்லுங்க."

கடித்தேன். தாடைதான் வலித்தது. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, அவருக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது. என் தங்கச்சி வீட்டுக்காரர் போட்டோ ஒண்ணு இருக்கு, தரட்டுமா?"

"அது சட்டவிரோதம்" என்றார் ஆய்வாளர். "உங்க வீட்டுக்காரர் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய எரிச்சல சொந்தக்காரங்க மேல வீணாக்கறார். இதுக்கும் சரியா வரலைன்னா குடியிருப்புதான்."

அவர் போன பிறகு என் மனைவி கதவைச் சாத்தினாள். பிறகு வந்து என் பட்டையைத் தடவிப் பார்த்தாள். "எப்படியாவது கொஞ்சம் பொறாமைப்பட்டுத் தொலைங்களேன். உங்கள விட்டுட்டு நான் இந்தச் சுவரோட தனியா என்ன பண்ணுவேன்?" என்றாள். அவளுக்காகவாவது அந்தப் பல் டாக்டரைக் கரித்துக்கொட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் என்னைப் போன்ற மந்தமானவர்களையெல்லாம் ஒரு வண்டியில் ஏற்றி, பல் டாக்டர் வீட்டுக்கே நேரடிப் பார்வைக்கு அழைத்துப் போனார்கள். வழிகாட்டி ஒருவர் கையில் குச்சி வைத்துக்கொண்டு காட்டினார்.

"இடது பக்கம் பாருங்க, பளிங்குத் தரை. எரிச்சல்படலாம்."

எல்லோரும் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டார்கள்.

"வலது பக்கம் சோபா. ஆறு பேர் தாராளமா உக்காரலாம். எரிச்சல்படலாம்."

நான் சோபாவைப் பார்த்தேன். கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை. மற்றவர்களை மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனபோது நான் சோபாவின் ஓரத்தைத் தடவிக்கொண்டு பின்தங்கிவிட்டேன். தங்கப் பொத்தான் வைத்த சட்டையில் பல் டாக்டர் பூனை மாதிரி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நீங்க சோபா வேலை பாக்கறவரா?" என்று காதோடு கேட்டார். "இது உக்கார எப்படி சார் இருக்கும்?"

"உங்க சோபாதானே, உக்காந்து பாக்க வேண்டியதுதானே?"

"உக்காந்தா அழுக்காயிடும் சார். அடுத்த குரூப்புக்குக் காட்டணும். நான் சமையலறையில ஸ்டூல்லதான் சாப்பிடறேன். மாசாமாசம் ஒரு ரூம் கட்டச் சொல்றாங்க. மேல மேல கட்டிக்கிட்டே போயி, கடைசி ரூமுக்குப் படி வைக்கக்கூட இடமில்ல. என் பொண்ணு எந்த ரூம்ல இருக்கான்னு சில நாள் தேட வேண்டியிருக்கு."

அவர் கண் கலங்கிவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து என் பட்டையில் நீல விளக்கு எரிந்து மணி அடித்தது. நீலம் என்று ஒரு விளக்கு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. வழிகாட்டி மாடிப்படியில் தலைதெறிக்க ஓடி வந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இரக்கம்! முன்னவர் மேலயே இரக்கம்!" என்று கத்தினார். மற்றவர்களுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று என்னைத் தனியாக நடத்தியே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தேன். வாசலிலேயே மச்சினி நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, விஷயம் தெரியுமா? இவரை முன்னவராப் போட்டுட்டாங்க! பக்கத்துத் தெரு மொத்தமும் இனிமே இவரப் பாத்துத்தான் பொறாமைப்படணுமாம்!"

நான் அப்படியே நின்றேன். இருபது வருஷமாக ஒற்றை ஆளாக நான் செய்துவந்த வேலையை ஒரு தெருவுக்கே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் அனுமதி கிடையாது. யாருக்காவது நான் முன்னவரா? கிடையாது. என்னைப் பார்த்துப் பொறாமைப்படச் சொல்லி ஒரு குழந்தைக்குக்கூட ஒதுக்கவில்லை. அவனைப் பார்த்துப் பொறாமைப்படுங்கள் என்று அரசாங்கமே சொல்கிறது! பட்டை சிவந்தது, விசில் அடித்தது, லேசாகப் புகையவும் ஆரம்பித்தது. மறுநாள் காலை விசாரணைக்கு வரச் சொல்லிச் சுவர் அறிவித்தது.

எரிச்சல் ஆபீஸில் இயக்குநரும் துணை இயக்குநரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் நாற்காலியும் என் கைவேலைதான். மாற்றி மாற்றி உயர்த்தியதில் இருவருக்கும் கால் தரையில் படவில்லை. தொங்கிய காலை ஆட்டிக்கொண்டே இயக்குநர் பேசினார்.

"பொறாமைங்கிறது பொதுச் சொத்துங்க. அத ஜனங்க கையில விட்டிருந்த காலத்துல என்ன ஆச்சு? அவனவன் அண்ணனப் பாத்து, தம்பியப் பாத்து, எதிர்வீட்டப் பாத்துன்னு கண்டபடி செலவழிச்சான். நாங்க வந்துதான் ஒழுங்குபடுத்தினோம். எங்க ஆபீஸையே பாருங்க, ஒருத்தர் மேல ஒருத்தருக்குத் துளி பொறாமை கிடையாது. நான் இந்தப் பதவிக்கு வரக்கூடாதுன்னு இவர் எத்தனை பேரப் போய்ப் பாத்தார்னு எனக்குத் தெரியும். மனசுல வெச்சுக்கிட்டேனா? இவர் அறைக்கு ரெண்டு ஜன்னல், என் அறைக்கு ஒண்ணு. நான் கவனிச்சதே இல்ல. இவர் சம்சாரம் பாடுவாங்க, என் சம்சாரம் பாட மாட்டாங்க. அத நான் நினைக்கிறதே இல்ல, தூங்கும்போதுகூட."

"ஐயா சொல்றது சரி" என்றார் துணை இயக்குநர். "நானும் அவர் கார இதுவரைக்கும் திரும்பிப் பாத்ததில்ல. பாக்காம இருக்கறதுக்காகவே பின்வாசல் வழியா வர்றேன்."

அப்போது சுவரிலிருந்து பொதுமதி பேசியது. இருவரும் காலை ஆட்டுவதை நிறுத்தினார்கள்.

"உங்கள் சகலை மேல் பொறாமைப்பட உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?"

"யாரும் இல்லீங்க. தானா வருது."

"அறிவிப்பு இல்லாமலா?"

"அறிவிப்பு எதுக்குங்க? அவன் சீப்ப எடுத்தாலே போதும்."

"நான் ஒதுக்கிய எவரைப் பார்த்தும் ஒரு பட்டைகூட இதுவரை புகைந்ததில்லை" என்றது சுவர். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. அந்த முடி எப்படி இருக்கும், அதைப் பார்த்தால் முதலில் வயிற்றில் தோன்றுமா நெஞ்சில் தோன்றுமா, மாமியார் சிரித்தால் எந்த இடத்தில் எரியும், பால்கனிக் காற்றுக்கும் முடிக்கும் எது கூடுதல். நானும் விடாமல் சொன்னேன். இத்தனை வருஷத்தில் என் மனக்குறையை ஒருவர் அக்கறையாகக் கேட்டது அன்றுதான். சொல்லச் சொல்லச் சுகமாக இருந்தது.

"சரி" என்றது பொதுமதி. "இன்றிலிருந்து உங்கள் முன்னவர் உங்கள் சகலை. அனுமதி வழங்கப்படுகிறது. வாரக் கடைசிக்குள் காலை அறிவிப்புக்கு ஒருநாளாவது பட்டை சிவக்க வேண்டும். இல்லையென்றால் குடியிருப்பு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரக் கடைசி எதற்கு, வீடு போய்ச் சேரும்வரைகூட வேண்டாமே! என் மனைவி கேட்டதும் அழுதேவிட்டாள். அன்று இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் காலை பட்டையைச் சரியாக இழுத்துக் கட்டிக்கொண்டு சுவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"உங்கள் முன்னவர் இன்று தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டார். ஒரு முடிகூட உதிரவில்லை. எரிச்சல்படலாம்."

காத்திருந்தேன். வரப்போன தும்மல் நின்றுபோனதுபோல இருந்தது. பச்சை.

அடுத்த நாள், "உங்கள் மாமியார் நேற்று உங்கள் முன்னவரின் பேச்சைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். எரிச்சல்படலாம்" என்றது.

"பாவம், வயசான காலத்துல சிரிக்கட்டுமே" என்று என் வாயில் வந்துவிட்டது. என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. சலூனுக்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். அதே முடிதான், அதே சீப்புதான். ஏதோ வேலைக்கு வந்தவன்போல இருந்தது எனக்கு. பட்டை பச்சையை விட்டு அசையவில்லை. இவ்வளவு நாள் எனக்கே எனக்கென்று வைத்திருந்த ஒன்றை அரசாங்கத்திடம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று கஷ்டமாக இருந்தது. அது துக்கம். அதற்குப் பட்டையில் விளக்கு கிடையாது.

வாரக் கடைசி காலையில் அறிவிப்புக்கும் பச்சையே எரிய, நான் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது சகலை வேகமாக உள்ளே வந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. முன்னவர்களுக்கு அவரவர் ஆட்களின் நிலவரத்தை எரிச்சல் ஆபீஸ் சொல்லிவிடும்.

"என்ன சகலை இது? என்னப் பாத்து உங்களுக்குப் பச்சையா எரியுதாமே?"

"வர மாட்டேங்குதுய்யா. நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்ட என்ன குறைஞ்சு போச்சு? முடி கொட்டிடுச்சா? பக்கத்துத் தெருவே எரியட்டும், அவங்கள எனக்குத் தெரியுமா? நீங்க போறப்ப அந்த விசில் கேக்கும் பாருங்க, அதுக்குத்தான் நான் கடையில காது குடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க பாப்பீங்கன்னுதான் வாசல்ல நின்னு தல சீவறதே." அவன் குரல் உடைந்தது. என் காலடியில் உட்கார்ந்துகொண்டான். "பால்கனிக்கு நேத்து புதுசா ரெண்டு தொட்டி வாங்கியிருக்கேன் சகலை. காத்து இன்னும் நல்லா வருது. கேளுங்க, அத்தை உங்களப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா? மூத்தவர் பேசினா தூக்கம் வருதுன்னாங்க. இப்பவாவது?"

நான் பட்டையைப் பார்த்தேன். பச்சை. அவனும் பார்த்தான். எங்கள் இருவருக்குமே அழுகை வந்துவிட்டது.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஆய்வாளர் அம்மாள் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தார். என் மனைவி ஓடிவந்து என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆய்வாளர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். சுவர் பேசியது.

"வருந்த வேண்டாம். மனிதர்களால் முடியாத எல்லா வேலையையும் நான் எடுத்துக்கொண்டதுபோல இதையும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சகலையைப் பார்த்து உங்களுக்குப் பதிலாக இனி நானே பொறாமைப்படுவேன். விசாரணையில் நீங்கள் சொன்னதெல்லாம் என்னிடம் இருக்கிறது. நேற்று முழுவதும் அவருடைய முடியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களைவிட எனக்கு நன்றாகவே வருகிறது."

என் காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கணம் தோன்றியது. உங்களைவிடவா? இது யார்? பொறாமைப்பட வந்து நாலு நாள் ஆகவில்லை, ஒரு தலைமுடி இல்லை, வயிறு இல்லை, மாமியார் இல்லை. அது என் சகலையைப் பார்த்துப் பொறாமைப்படுமாம், அதுவும் என்னைவிட நன்றாக!

"யாரக் கேட்டு?" என்று எழுந்து கத்தினேன். "அவன் யாரோட சகலை? என் சகலை! அந்த முடியப் பாத்து நான் இருபது வருஷம் வெந்திருக்கேன். நீ யாரு நடுவுல?"

பட்டையிலிருந்து வந்த விசிலில் என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்து, இன்னும் சிவந்து, புகை கிளம்பியது. ஆய்வாளர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இவ்வளவு எரிகிற ஒருவனை நிறைவாளர் குடியிருப்புக்கு அழைத்துப்போனால் அவருக்கு வேலை போய்விடும்.

"யார் மேல?" என்று கேட்டார்.

நான் சுவரைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆட்களைக் கூட்டிக்கொண்டு பேசாமல் வெளியே போனார். வண்டி காலியாகத் திரும்பும் சத்தம் கேட்டது. என் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள்.

சகலை மட்டும் ஒலிபெருக்கிக்கு எதிரே போய் நின்றிருந்தான். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. நிதானமாக, பக்கம் பக்கமாக, பொதுமதிக்கு நன்றாகத் தெரியும்படி தலையைச் சீவினான்.

"கேட்டீங்களா சகலை? பொதுமதிக்கே என் முடி மேல கண்ணாம்" என்றான் திரும்பாமலே.

என் பட்டை தீய்ந்து, இரண்டாக அறுந்து தரையில் விழுந்தது. வயிறு எரிந்துகொண்டே இருந்தது.